எக்ஸைல், பானிஷ், லாஸ்ட் ஸோன்: தூக்கின கார்டு திரும்பி வருமா?

மேஜிக், யூ-கி-ஓ, போக்கிமான் ஆகிய மூன்று கார்டு ஆட்டங்களிலும் செத்த கார்டு போவதற்கு ஓர் இடம் உண்டு. முதல் இரண்டில் அது கிரேவ்யார்டு, போக்கிமானில் டிஸ்கார்டு பைல். அங்கே போனது அங்கேயே கிடந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அதைத் தோண்டி எடுக்கும் கார்டுகள் மூன்று ஆட்டத்திலும் ஏராளம். அதனால் அதற்கும் அப்பால் இன்னோர் இடம் தேவைப்பட்டது: மேஜிக்கில் எக்ஸைல், யூ-கி-ஓவில் பானிஷ், போக்கிமானில் லாஸ்ட் ஸோன். மூன்றும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அடி விழும். போனது போனதுதான் என்ற பேச்சில் நிற்பது இவற்றில் ஒன்றே ஒன்றுதான்.

முதலில் மேஜிக். 1993-இல் முதல் தொகுப்பிலேயே வந்த ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ், ஒரே ஒரு வெள்ளை மானாவுக்கு (மானா என்பது கார்டை ஆடச் செலவிடும் சக்தி) ஒரு கிரியேச்சரை ஆட்டத்தைவிட்டே தூக்கிவிடும். நீக்கப்பட்ட கார்டு ஆட்டத்துக்கு வெளியே இருப்பதாகத்தான் அப்போது கணக்கு. 2002-இல் பர்னிங் விஷ் போன்ற கார்டுகள் வந்து, வெளியே இருக்கும் கார்டை எடுத்துக்கொள்ளலாம் என்றன. நீக்கப்பட்டதும் வெளியேதானே இருக்கிறது? எடுத்தார்கள். 2009 ஜூலையில் விதி மாறி, எக்ஸைல் ஆட்டத்துக்கு உள்ளேயே ஒரு பகுதியாக ஆனபோதுதான் அந்த வழி அடைபட்டது.

அது அடைபட்டாலும் வேறு வழிகள் திறந்துகொண்டே இருக்கின்றன. இன்றைக்கு எக்ஸைல் ஏறக்குறைய வீட்டுப் பரண் மாதிரி. தூக்கிப் போட்டதாகத்தான் பெயர், தேவைப்பட்டால் ஏணி வைத்து இறக்கிக்கொள்ளலாம். 2019-இல் வந்த போன்கிரஷர் ஜயண்ட்டைப் பாருங்கள். முதலில் அதை ஸ்டாம்ப் என்ற மந்திரமாக வீசி 2 டேமேஜ் கொடுக்கிறோம். கார்டு எக்ஸைலுக்குப் போகிறது. அப்புறம் அங்கிருந்தே அதே கார்டை 4/3 (தாக்கும் வலு 4, தாங்கும் வலு 3) அரக்கனாக இறக்குகிறோம். எதிராளியின் எக்ஸைலில் கிடப்பதை அவருடைய கிரேவ்யார்டுக்குத் தள்ளிவிட்டு அதற்குக் கூலி வாங்கும் எல்ட்ராஸி என்ற கிரியேச்சர்கள் 2015-இல் வந்தன. பிளைட் ஹெர்டர் அப்படி இரண்டு கார்டைத் தள்ளினால் மூன்று குட்டிகளைக் கொடுக்கும்.

மேஜிக்கில் உண்மையில் கவனிக்க வேண்டியது கார்டின் வாசகம். 2007-இல் வந்த ஆப்லிவியன் ரிங்கில் இரண்டு தனித்தனி ட்ரிகர்கள், அதாவது ஒரு நிகழ்வால் தானாகக் கிளம்பும் விளைவுகள்: உள்ளே வரும்போது ஒன்றை எக்ஸைல் செய்யும், வெளியே போகும்போது அதைத் திருப்பித் தரும். முதல் ட்ரிகர் ஸ்டாக்கில் (கடைசியாகச் சேர்ந்தது முதலில் தீரும் அடுக்கு) காத்திருக்கும்போதே ரிங்கை நீங்களே அழித்துவிட்டால், திருப்பித் தரும் ட்ரிகர் மேலே ஏறி முதலில் தீர்ந்துவிடும். அப்போது திருப்பித் தர எதுவும் இருக்காது. அடுத்து எக்ஸைல் நடக்கும், அந்தக் கார்டைத் திருப்பித் தர ரிங் இருக்காது. இந்தத் தந்திரத்தை அடைக்கத்தான் 2013-இல் வந்த பானிஷர் ப்ரீஸ்ட் போன்றவற்றில் ‘இது களத்தைவிட்டுப் போகும் வரை’ என்று ஒரே வாக்கியமாக எழுதினார்கள். ப்ரீஸ்ட் முன்கூட்டியே செத்தால் எக்ஸைலே நடக்காது. அந்தத் தீமையை அவ்வளவு நேர்த்தியாக ஒழித்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

யூ-கி-ஓவில் பானிஷ் என்பது இரண்டாவது கிரேவ்யார்டு. இதை நான் குறையாகவே சொல்கிறேன். மேக்ரோ காஸ்மோஸ் களத்தில் இருந்தால் கிரேவ்யார்டுக்குப் போகவேண்டிய எல்லாமே பானிஷ் ஆகும். எதிராளிக்குக் கழுத்து நெரிபடும், சரி. ஆனால் அதைச் சுற்றியே கட்டிய டெக்குக்கு (கார்டுக் கட்டுக்கு) அது விருந்து. டி.டி. சர்வைவர் பானிஷ் ஆன அதே டர்ன் முடிவில் களத்துக்குத் திரும்பிவிடும். ரிட்டர்ன் ஃப்ரம் த டிஃபரண்ட் டைமென்ஷன் பாதி லைஃப் பாயின்ட்டை வாங்கிக்கொண்டு பானிஷ் ஆன மான்ஸ்டர்களைக் கும்பலாக இறக்கும். அது ஒரு காலத்தில் போட்டிகளின் தடைப்பட்டியலில் இருந்த கார்டு என்பதில் ஆச்சரியமில்லை.

திரும்பி வருவது கூடிப்போனதும், கார்டைக் கவிழ்த்து பானிஷ் செய்வது அதிகமானது. கவிழ்ந்த கார்டு என்னவென்று தெரியாததால் பெரும்பாலான எஃபெக்ட்கள் அதைத் தொட முடியாது. 2016-இல் வந்த பாட் ஆஃப் டிசையர்ஸ், டெக்கின் மேலே இருக்கும் 10 கார்டைக் கவிழ்த்து பானிஷ் செய்தால் 2 கார்டு எடுக்கவிடும். 40 கார்டு டெக்கில் கால்வாசி போய்விடும், எது போனது என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. அதிலும் ஆதாயம் பார்ப்பவர்கள் உண்டு: பானிஷ் ஆன கார்டு ஒவ்வொன்றுக்கும் 400 அட்டாக் பெறும் க்ரென் மாஜு டா ஐஸா, அந்த ஒரே பாட் ஆஃப் டிசையர்ஸால் 4000 ஏறிவிடும்.

போக்கிமானின் லாஸ்ட் ஸோனுக்குப் போன கார்டு அந்த ஆட்டத்தில் திரும்பாது. இதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இங்கே இழப்பு வலிக்கிறது. 2022-இன் லாஸ்ட் ஆரிஜின் தொகுப்பு அந்த வலியையே டெக்காக்கியது. கோம்ஃபி என்ற போக்கிமான் டெக்கின் மேலே இருக்கும் இரண்டு கார்டைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுக்கும், மற்றது லாஸ்ட் ஸோனுக்கு. கோல்ரெஸ் என்பவரின் கார்டை ஆடினால் அவர் ஐந்தைக் காட்டி மூன்றைத் தருவார், இரண்டு போகும். அப்படிச் சேர்வதுதான் படிக்கட்டு: 4 சேர்ந்தால் க்ராமரண்ட் என்ற போக்கிமான், அடிக்க வேண்டிய எனர்ஜி கார்டு இல்லாமலே அடிக்கும், 7 ஆனால் மிராஜ் கேட் என்ற கார்டு திறக்கும், 10 ஆனால் கிராட்டினா வீஸ்டார் என்ற போக்கிமான் எதிரே நிற்கும் போக்கிமானை ஒரே அடியில் நாக் அவுட் செய்யும்.

கோல்ரெஸ் காட்டும் ஐந்துமே வேண்டியவையாக வரும் நேரம்தான் ஆட்டத்தின் சுவை. களத்தில் நிற்கும் போக்கிமானை மாற்றும் ஸ்விட்ச் கார்டு நான்கு டர்ன் கழித்துத் தேவைப்படுமா, எனர்ஜியை விடலாமா? தப்பாக விட்டதை மீட்க எந்த உபாயமும் இல்லை. மற்ற இரண்டு ஆட்டத்திலும் இந்த யோசனையில் பாதி, ‘அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்பதில் கரைந்துவிடும்.

எதிராளியின் கார்டை அங்கே தள்ளுவது மட்டும் போக்கிமானில் அரிது. 2010-இன் ஜெங்கார் ப்ரைம் எதிராளியின் கையிலிருக்கும் போக்கிமான்களையே லாஸ்ட் ஸோனுக்கு வீசும். 2011-இல் லாஸ்ட் வேர்ல்ட் வந்து, எதிராளியின் 6 போக்கிமான் அங்கே சேர்ந்துவிட்டால் வென்றதாக அறிவித்துக்கொள்ளலாம் என்றது. லாஸ்ட் ஆரிஜின் கார்டுகள் 2025 ஏப்ரலில் புதிய தொகுப்புகளுக்கான ஸ்டாண்டர்ட் போட்டி முறையைவிட்டு வெளியேறிவிட்டன, ஆகவே இப்போது ஆட வேண்டுமானால் பழைய தொகுப்புகளையும் ஏற்கும் எக்ஸ்பாண்டட்தான், அல்லது பழைய டெக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர்.