ஜெய்ப்பூர் கால்: சேற்றில் இறங்கிப் பார்த்தவன் எழுதும் விமர்சனம்

ஜெய்ப்பூர் கால் என்கிற, ரப்பர்ப் பாதம் வைத்த செயற்கைக் காலைப் பற்றித் தேடினால் இரண்டு வகை ஆட்கள்தான் கிடைக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு மரம் ஏறுபவரைப் படம் பிடித்துப் போட்டுப் புல்லரிக்க வைப்பவர்கள் ஒரு பக்கம். 'அதெல்லாம் பழைய மாடல் சார், கார்பன் ஃபைபருக்குப் போயிடுங்க' என்று விற்க வருபவர்கள் இன்னொரு பக்கம். வரப்பில் நடக்க வேண்டியவன், தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவன், போகத்துக்குப் போகம் கையில் காசு பார்ப்பவன், இவனுக்கெல்லாம் அது சரிப்படுமா என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நெல் வயல். லாரி மோதியதில் வலது காலை முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். முட்டி தப்பியது. முட்டி இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் செயற்கைக் கால் என்பது வேறு வேறு சமாச்சாரம். நான் சொல்வது முட்டி தப்பியவர்களுக்கு மட்டும்.

முதலில் நான் வாங்கியது ஜெய்ப்பூர் கால் இல்லை. ஒரு கடையில், பெயர் வேண்டாம், காசு கொடுத்து வாங்கிய ஷூ போடும் ரகம். பார்க்க நன்றாக இருக்கும். பேன்ட் போட்டு நின்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் கணுக்கால் அசையாது. அந்தப் பாதமே ஷூவின் குதி உயரத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது, அதனால் ஷூவைக் கழற்றினால் ஆள் பின்னால் சாய்வான். கோயிலுக்குப் போனால் வாசலோடு சரி. பந்தியில் உட்கார முடியாது, நாட்டுக் கக்கூஸில் குந்த முடியாது. வரப்பில் நாலு அடி வைத்ததும் ஷூவுக்குள் சேறு. பரணில் தூக்கிப் போட்டுவிட்டுக் கக்கத்துக் கட்டைக்கே திரும்பிவிட்டேன். இனி இவ்வளவுதான் என்று வீட்டில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். என்னிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் வயலைக் குத்தகைக்கு விடும் பேச்சு அடுப்படியில் ஓடியது.

இதே கதையை ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டராக இருந்த பி.கே.சேத்தி 1960களிலேயே பார்த்திருக்கிறார். வெளிநாட்டு மாதிரியில் செய்த காலை வாங்கிப் போன கிராமத்து ஆட்கள், அடுத்த தடவை வரும்போது அதை வீட்டில் போட்டுவிட்டுக் கட்டையோடு வந்தார்களாம். காரணம் எனக்கு ஆனதேதான்: ஷூ, சேறு, சம்மணம். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க ராம் சந்திர சர்மா என்று ஒரு சிற்பி இருந்தார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது, பரம்பரையாகக் கைவேலைக் குடும்பம். எல்லாரும் மாஸ்டர்ஜி என்பார்கள். சைக்கிள் பஞ்சராகி நின்ற இடத்தில் லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்வதைப் பார்த்து, இந்த ரப்பரில் பாதம் வார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒட்டுப் போட்ட டயர் எத்தனை மேடுபள்ளம் தாங்குகிறது என்று நமக்குத் தெரியாதா?

தோன்றியதும் கால் வந்துவிடவில்லை. முழுக்க ரப்பரிலேயே வார்த்தது கனத்தது, விறைத்து நின்றது. உள்ளே ஸ்பாஞ்ச் ரப்பர் வைத்தால் இளகியது, ஆனால் உழைக்கவில்லை. கணுவுக்கு மரக்கட்டை, முன்பாதத்துக்கும் குதிக்கும் ஸ்பாஞ்ச், மேலே டயர் ரப்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித்தான் 1968 வாக்கில் ஒரு உருவத்துக்கு வந்தது. அதற்கு அப்புறமும் கிராக்கி ஒன்றும் பொங்கவில்லை. 1975 வரையில் அறுபது பேர்கூட அதைப் போட்டிருக்கவில்லை. அந்த வருஷம் டி.ஆர்.மேத்தா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, பின்னாளில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைவராக இருந்தவர், பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் லட்சக்கணக்கில் போனது. அவரும் ஒரு கார் விபத்தில் தொடை எலும்பு நொறுங்கிப் படுக்கையில் கிடந்தவர். சேத்தி இதற்குப் பேட்டன்ட் எடுக்கவில்லை. 1981இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது விருது இல்லை. அந்த அறுபதுக்கும் குறைவான ஆள் கணக்குதான். பண்டம் தயாராகிவிட்டது, வேலையும் செய்கிறது, வாங்க ஆள் வரவில்லை. அந்த ஏழு வருஷமும் அவர்கள் கடையை மூடவில்லை பாருங்கள்.

சரி, பண்டத்துக்கு வருவோம்.

பாதம் மட்டும் கையில் எடுத்தால் முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். பழுப்பு நிறம், ஐந்து விரலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். என் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதைப் பற்றிக் கவலையுமில்லை. நுனியைப் பிடித்து வளைத்தால் மேலேயும் கீழேயும் போகும், கொஞ்சம் பக்கவாட்டிலும் திரும்பும். மேடுபள்ளத்தில் இந்தப் பக்கவாட்டுத் திரும்பல்தான் உயிர். கல்லில் மிதித்தால் பாதம் கல்லுக்கு ஏற்ப மடங்கிக்கொள்கிறது, அந்த ஆட்டம் முட்டிக்கு வருவதில்லை. குந்தினால் பாதம் மேலே மடங்கிக் கொடுக்கிறது, குதி கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான். சம்மணம் வருகிறது. வெறுங்காலோடு நடக்கலாம், நனையலாம். செருப்பு வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், பின்வார் உள்ளது நல்லது.

பாதத்துக்கு மேலே முழங்கால் வரை குழாய். முன்பு அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டிச் செய்தார்களாம். இப்போது எச்.டி.பி.இ. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பைப். ஆமாம், நாம் தண்ணீர் கொண்டுபோகப் பதிக்கிறோமே, அதே இனம்தான். மீதிக் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சின் மேல், அடுப்பில் வாட்டி இளக்கிய பைப்பை இழுத்து மாட்டுகிறார்கள். ஆறினால் உங்கள் கால் வடிவத்துக்குச் சாக்கெட், அதாவது மீதிக் கால் போய் உட்காரும் கூடு, ரெடி. காலையில் அளவு கொடுத்தால் சாயந்திரம் நடந்துகொண்டே வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். சாயந்திரம் கால் கிடைக்கும் என்பது உண்மை. நடப்பது வேறு விஷயம்.

எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில். கூட்டம் அதிகம், அவசர அவசரமாக அளவெடுத்தார்கள். போட்ட முதல் வாரமே முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனையில் தோல் உரிந்து ரத்தம். போன் போட்டால், 'வலி இருக்கத்தாங்க செய்யும், பழகிடும்' என்றார் முகாம் ஆள். பழகாது. நடந்தால் அலுப்பு வரும், தசை வலிக்கும், அதெல்லாம் பழகும். ஒரே இடத்தில் சிவந்து, பத்து நிமிஷம் கழற்றி வைத்தும் சிவப்பு போகவில்லை என்றால் சாக்கெட் சரியில்லை என்று அர்த்தம். சர்க்கரை உள்ளவர்கள் இதை எழுதியே ஒட்டிவையுங்கள், அந்தப் புண் மீதிக் காலையும் கேட்கும்.

அந்தச் சமயத்தில் அதுவும் பரணுக்குப் போயிருக்க வேண்டியது. போகாததற்குக் காரணம் வேறு ஊரில் இருந்த ஒரு டெக்னீஷியன். சாக்கெட்டில் அந்த முனை படும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார், சூடு காட்டினார், உள்ளிருந்து ஒரு கட்டையை வைத்து வெளியே தள்ளினார். ஒரு சின்னக் குழிவு விழுந்தது. அதில் எலும்பு முனை போய் உட்கார்ந்துகொண்டது. பைப்பில் செய்த சாக்கெட்டின் பெரிய லாபம் இதுதான், சூடு காட்டித் திருத்தலாம். அப்புறம் கேட்டார்: "அண்ணா, உங்களுக்கு எங்க நடக்கோணும்? ரோட்டுலயா, காட்டுலயா?"

காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். அதுவரை யாரும் இதைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சுதா சந்திரன் கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். 1981இல் விபத்தில் காலை இழந்து, 1984இல் ஜெய்ப்பூர் காலோடு மேடையேறி ஆடியவர். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பரதநாட்டியம் தெரியாது. எனக்குத் தெரிந்தது மடை திருப்புவது. எங்கள் முறைக்குத் தண்ணீர் ராத்திரியில் வரும்போது என் சம்சாரம் தனியாக டார்ச்சோடு போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வாய்க்கால் கரையில் இறங்கி ஏற வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"அப்ப இந்தக் கம்பிக்கு நடுவுல நடந்தது போதும்" என்று, நடை பழகப் பிடித்துக்கொள்ளும் இரட்டைக் கம்பியை விட்டு வெளியே கூட்டிப்போய், கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலைக் காட்டினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொய்க்கால் முதலில். சரிவில் நேராக இறங்காமல் பக்கவாட்டாகத் திரும்பி இறங்க வேண்டும். விழுந்தேன். விழுவதற்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார், கையை ஊன்றாமல் தோளைச் சாய்த்து. அவருடைய பேன்ட்டுக்குள் இருந்த ஒரு காலும் பொய்க்கால்தான் என்று எனக்கு அன்றைக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது. அதைக் காட்டி அவர் ஒரு வார்த்தை உபதேசம் பண்ணவில்லை.

வீட்டில் வந்து, காலையில் கொஞ்சம் சாயந்திரம் கொஞ்சம் என்று வாய்க்கால் கரையிலேயே பழகினேன். பக்கத்து வயல் பெரியவர் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இன்னும் எதுக்குடா இந்தப் பாடு? கால் மேல கால் போட்டு உக்காரு" என்றார். எந்தக் காலைப் போட்டு என்று கேட்க வாய் வரை வந்தது. அறுப்புக்குள் மடைக்கு நானே போக ஆரம்பித்துவிட்டேன். மண்வெட்டியை ஓங்கும்போது இடுப்பைத் திருப்பி நல்ல காலில் பாரம் போட வேண்டும். அது தன்னால் வந்துவிட்டது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நானும் படம் போடுகிறவன் ஆகிவிடுவேன். கனம் உண்டு, சாயந்திரத்துக்குத் தொடை கடுக்கும். வெயில் காலத்தில் சாக்கெட்டுக்குள் வேர்த்து ஊறும், மத்தியானம் ஒரு தடவை கழற்றித் துடைத்துப் பருத்தி சாக்ஸ் மாற்றியே ஆக வேண்டும். தண்ணீரில் நனையலாம் என்றாலும் தொடர்ந்து ஊறவிடக் கூடாது, போல்ட் துருப்பிடிக்கும், உள்ளே மரம் ஊதும். விரல் மடங்கும் இடத்தில் ரப்பர் வெடிக்கும். மூன்று வருஷம் உழைக்கும் என்று சொல்வார்கள், நடவும் உழவுமாக இருப்பவனுக்கு அது வராது. கையால் செய்வதால் ஒரு பாதம் போல இன்னொன்று இருப்பதில்லை. எனக்கு முதலில் வந்தது இளக்கம், மாற்றி வாங்கியது கொஞ்சம் விறைப்பு. வேகமாக நடக்க, ஓட இது ஆகாது. கார்பன் பாதம் உதைத்துத் தள்ளுகிற மாதிரி இது தள்ளாது. தார் ரோட்டில் ஷூவோடு ஆபீஸ் போய் வருபவர், கையில் காசும் இருப்பவர், தாராளமாகக் கார்பனைப் பார்க்கலாம். அவருக்கு அதுதான் சரி.

மீதிக் கால் முதல் வருஷத்தில் சூம்பிக்கொண்டே போகும், சாக்கெட் லூசாகும். ஒரு சாக்ஸுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்று ஏற்றலாம். அதற்கு மேல் போனால் புது சாக்கெட்தான். முகாமில் வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், முகாம் கிளம்பிப் போய்விடும். ஆகவே இலவசம் என்று ஓடுவதற்கு முன், ரிப்பேருக்கு எங்கே வர வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லாத இடத்தில் அளவு கொடுக்காதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு விண்ணப்பித்தும் செயற்கைக் கால் வாங்கலாம், அதையும் விசாரித்து வையுங்கள்.

மார்க் போடச் சொன்னால் பாதத்துக்கு ஐந்துக்கு நான்கரை. சாக்கெட்டுக்கு மார்க் இல்லை, அது செய்கிற கையைப் பொறுத்தது.

அளவு கொடுக்கப் போகும்போது அரை டவுசர் போட்டுப் போங்கள், நல்ல காலுக்குத் தினமும் போடுகிற செருப்பையும் எடுத்துப் போங்கள். உயரம் பார்க்கும்போது அதைப் போட்டும் கழற்றியும் நின்று காட்டுங்கள். வாங்கிய கையோடு கிளம்பாமல், அங்கேயே தரையில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.