கல்வெட்டியலா, நவீன இந்திய வரலாறா?

பி.ஏ. வரலாற்றில் இந்த இரண்டில் ஒன்றுதான் விருப்பப்பாடம் என்றால், நான் கல்வெட்டியலையே சொல்வேன். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்கும்போது ‘திருமகள் போல’ என்று தொடங்கும் ராஜராஜ சோழனின் புகழுரை நம் கைக்கே வந்துவிடுகிறது. கல்வெட்டில் மெய்யெழுத்தின் மேல் பெரும்பாலும் புள்ளி இருக்காது. மெய் எது, உயிர்மெய் எது என்று தடுமாறுவீர்கள். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி. ஒரு பருவம் போதாது. முதலாண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

நவீன இந்திய வரலாறு போட்டித் தேர்வுக்கு நேரடியாக உதவும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலக் கோப்புகளும் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் எடுத்தாலும் தாமதமில்லை. படித்து முடித்ததுமே குரூப் தேர்வு எழுதியாக வேண்டிய குடும்பச் சூழல் என்றால் தயங்காமல் இதை எடுங்கள். ஊர்க்கோயில் சுவரை விடுமுறையில் படிக்கலாம்.