பவர் ஸ்ரியரிங்: கழற்றுவதா, திருத்துவதா?

எங்கள் வீட்டில் நிற்பது ஈஈ101 கொரோலா. கொக்குவிலில் வீட்டு முற்றத்தில் அது நிற்கும் இடத்தில் ஒரு காட்போட் மட்டை விரித்திருக்கும். போன வருடம் ஒரு காலையில் அந்த மட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. இரண்டு கிழமையில் அது ரூபாய்க் குற்றி அளவாகி, பிறகு சாசர் அளவாகியது. ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்தால் முனகல் சத்தம். கராச்சுக்குக் கொண்டு போனேன். அங்கே வேலை செய்யும் பாஸ் (மெக்கானிக்) கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராக் போயிட்டுது தம்பி. பெல்ற்றைக் கழட்டி விடுவம். அந்தக் காலத்தில ஏ40 பவரிலயே ஓடினது?" ராக் என்பது வளையத்தின் திருப்பலை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பற்தண்டு. அவர் சொன்ன பெல்ற் ஓட்டுவது பவர் ஸ்ரியரிங்கின் ஒயில் பம்பை.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு எதிர்ப்பேச்சு இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நானும் தலையாட்டிவிட்டேன்.

ஆனால் ஏ40 லேசாகத் திரும்புவதற்குக் காரணம் வேறு. ஸ்ரியரிங் வளையம் பெரிது, ரயர் ஐந்து அங்குலச் சொச்ச அகலம், கியர் மெதுவானது, ஓட்டம் பின்சக்கரத்தில். கொரோலாவில் எஞ்சின், கியர்பெட்டி, ஓட்டம் எல்லாமே முன்சக்கரத்தின் தலையில். ரயரும் அகலம். போதாததற்கு, பவர் இருக்கிறது என்று நம்பித்தான் ராக்கின் கியரையே வேகமாக அமைத்திருக்கிறார்கள்.

சரி, பெல்ற்றை மட்டும் கழற்றினால் என்ன நடக்கும்? ராக்குக்குள் ஒரு பிஸ்ரன் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் ஒயில். பம்ப் ஓடும்போது அந்த ஒயில் பிஸ்ரனைத் தள்ளி உதவி செய்கிறது. பம்ப் நின்றால் அதே ஒயிலை நாங்கள் கையால் சின்ன வால்வுத் துளைகள் வழியாகத் தள்ளவேண்டும். அதாவது உதவிக்கு வந்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற கதை. பிறப்பிலேயே பவர் இல்லாத காரைவிட இது பாரம். மீன் நிறுக்கும் விற்தராசு ஒன்றை வளையத்தில் கொழுவி இழுத்துப் பார்த்தேன். கார் நின்ற நிலையில், பவரோடு 3 கிலோ. பெல்ற் இல்லாமல் 15 கிலோவைத் தாண்டியது. அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, திருநெல்வேலிச் சந்தைக்கு அவதான் ஓட்டிக்கொண்டு போவா. முதல் நாளே திறப்பை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா: "ஆட்டுக்கல் சுத்துற மாதிரிக் கிடக்கு."

ஏ9 வீதியில் ஓடும்போது பெரிதாகத் தெரியாது. 30 கிலோமீற்றர் வேகம் தாண்டினால் பாரம் குறைந்துவிடும். கொல்லுவது ஒழுங்கைதான். இரண்டு பக்கமும் மதில், முடக்கில் எதிரே ஓட்டோ, நீங்கள் ரிவேர்ஸ் எடுக்கவேண்டும். அந்த இடத்தில் தோள்மூட்டு பேசும்.

இன்னொன்று. கழற்றுமுன் போனெற்றைத் திறந்து அந்தப் பெல்ற் எந்தெந்தக் கப்பிகளைச் சுற்றுகிறது என்று பாருங்கள். சில கார்களில் பவருக்குத் தனிப் பெல்ற். சிலவற்றில் அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் அல்ரனேற்றரையும் ஓட்டுகிறது. அதை உருவினால் எஞ்சின் கொதிக்கும், பற்றறி இறங்கும்.

கொஞ்சம் மேலான வழி லூப் அடிப்பது. வால்விலிருந்து ராக்கின் இரண்டு முனைக்கும் போகும் மெல்லிய குழாய்களைக் கழற்றி, ராக்கின் இரண்டு துளைகளையும் ஒன்றோடொன்று ஹோஸால் இணைத்துவிடுவார்கள். உள்ளே கொஞ்ச ஒயில் மசகுக்கு நிற்கும், இடமும் வலமும் தாராளமாக ஓடும். பெல்ற்றை மட்டும் கழற்றியதைவிட நிச்சயம் லேசு. ஆனால் ராக்கின் முனையில் ஒயிலைத் தடுத்து நிற்கும் சீல் தேய்ந்திருந்தால் கசிவு நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். கசிவுக்காகத்தானே தொடங்கினோம்?

லேத்காரர் சிலர் ராக்கைப் பிரித்து, பிஸ்ரன் சீலை எடுத்து, கிறீஸ் அடைத்து, வால்வுக்குள் இருக்கும் முறுக்குத் தண்டை வெல்ட் அடித்துத் தருகிறேன் என்பார்கள். அந்தத் தண்டு சில பாகை முறுகினால்தான் வால்வு திறக்கும். பவர் இல்லாவிட்டால் அந்த முறுகல் வளையத்தில் சும்மா ஒரு ஆட்டமாகத் தெரியும், வெல்ட் அடிப்பது அதற்காக. சீல் எடுப்பது வரைக்கும் சம்மதம். சக்கரத்தையும் கையையும் இணைக்கும் தண்டில் ஊர் வெல்டிங் சூடு படுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

கழற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால் ஒழுங்கான வழி ஒன்றுதான்: அதே மொடலுக்குக் கொம்பனியே செய்த, பவர் இல்லாத ராக்கைப் பூட்டுவது. எல்லா மொடலுக்கும் அப்படி ஒன்று இருக்காது. இருந்தால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடவேண்டும். கொலம் (வளையத்திலிருந்து இறங்கும் தண்டு) ராக்கோடு சேரும் மூட்டின் பல்லும் ராக் பிடிக்கும் இடமும் பொருந்துகிறதா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பவர் ராக் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 3 சுற்று, இது 4ஐ ஒட்டி வரும். சுற்றல் கூட, பாரம் குறைய. பூட்டியபின் வீல் அலைன்மென்ற் கட்டாயம். இன்சூரன்சுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கழற்றினால் பெற்றோல் மிச்சம் என்பவர்களும் இருக்கிறார்கள். மிச்சம்தான், தேத்தண்ணிக் காசு.

இப்போது திருத்துவது. இங்கேதான் என் கதை வெட்கக்கேடாகிறது. இரண்டு கிழமை ஆட்டுக்கல் சுற்றியபிறகு வேறொரு பாஸிடம் போனேன். அவர் ராக்கின் முனையில் இருக்கும் றப்பர் உறையை விரலால் அமுக்கிப் பார்த்தார். கிளிப்பைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். காய்ந்து கிடந்தது. ராக் சீல் போயிருந்தால் அந்த உறைக்குள் ஒயில் தேங்கி நிற்கும், கிளிப் கழற்றியதும் கையெல்லாம் வழியும். பிறகு பெல்ற்றைத் திரும்பப் பூட்டி, பம்பிலிருந்து ராக்குக்குப் போகும் ஹோஸைத் துடைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு என்னை ஸ்ரியரிங்கை ஒடிக்கச் சொன்னார். அழுத்த ஹோஸில் இரும்பும் றப்பரும் சேரும் நசுக்குக் கழுத்திலிருந்து ஒரு துளி எழும்பி, குழாய் வழியே வழிந்து ராக்கில் விழுந்தது. ஹோஸ் மாற்றி, டெக்ஸ்ரோன் ஏரிஎஃப் ஒயில் ஊற்றி, உள்ளே நின்ற காற்றை எடுத்ததோடு முடிந்தது. (ஹொண்டா என்றால் அதற்கென்று தனி ஒயில், கண்டதை ஊற்றவேண்டாம்.)

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. உறை கிழிந்து கனநாளாகி, எங்கள் உப்புக் காற்றும் புழுதியும் உள்ளே போயிருந்தால் ராக் தண்டில் துருப் புள்ளி விழுந்திருக்கும். அந்தத் தண்டில் புதுச் சீல் போட்டால் அரத்தில் பட்டுப்புடவை உரசிய மாதிரி, சில மாதத்தில் மறுபடி மட்டையில் சிவப்பு. அப்போது ராக்கையே மாற்றுவதுதான் கணக்கு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தும் விலை இறங்கிய பாடில்லை. பழைய காரை வைத்திருக்கத்தான் போகிறோம் என்றால் ராக்குக்குச் செலவழிக்கலாம்.

மின்சார ஸ்ரியரிங் கொலத்தை மாற்றிப் பூட்டுவதும் உண்டு. நல்ல வேலைதான், ஆனால் வயறிங்கும் கொலம் வெட்டி ஒட்டுவதும் தெரிந்த கை வேண்டும். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அந்தக் கை இல்லை.

ஆகவே: தினம் ஓடும் கார், வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவது என்றால் திருத்துங்கள். சின்னக் கார், மெல்லிய ரயர், கொம்பனி ராக்கும் கையில் கிடைத்தது என்றால் கழற்றலாம். வெறுமனே பெல்ற்றை உருவிவிடுவது கராச்சிலிருந்து வீடு வந்து சேர மட்டும். ஏ40 வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வாசித்திருக்கத் தேவையில்லை, முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்குக் கிறீஸ் அடித்துவிட்டுப் போகலாம்.