கத்தியில்லாக் கருத்தடை: இளம் நாய்க்கும் பூனைக்கும் எது பொருந்தும்?

இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் நாய் வீட்டு முற்றத்தைக் காப்பதோடு, காட்டுப்பன்றி இறங்கும் வயலுக்கும் கச்சான் தோட்டத்துக்கும் காவல் நிற்கிறது. அதனால் கடுவன் குட்டிகளை விரும்பிக் கொண்டுபோகிறார்கள். பெட்டைக் குட்டிகளோ உரப்பையில் வந்து சந்தையடியிலும் கோயில் வீதியிலும் இறக்கப்படுகின்றன. பெட்டை நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் முதன்முறையாகப் பருவத்துக்கு வரும். பெட்டைப் பூனை 4 மாதத்திலேயே வரக்கூடும். இரண்டும் சினைப்பட்டு ஏறத்தாழ 9 வாரத்தில் குட்டி ஈன்றுவிடும். சத்திரசிகிச்சைக்கு அஞ்சுகின்ற, அல்லது அதற்காக நெடுந்தூரம் விலங்கைக் கொண்டுபோக இயலாத குடும்பங்களுக்கு இன்று என்னென்ன வழிகள் உள்ளன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

மிகவும் மலிவானது மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் ஊசி. பெண்களின் குடும்பக்கட்டுப்பாட்டுக்குப் போடப்படும் அதே மருந்துதான் இது. ஒரு தடவை போட்டால் சில மாதங்களுக்குப் பருவம் தள்ளிப்போகும். ஊசி போட்ட நாய் அன்றே வழமைபோல ஓடித் திரிவதால் எல்லோருக்கும் இது பிடித்துப்போகிறது. ஆனால் இதன் விலையை விலங்கின் உடல் பிந்திக் கொடுக்கிறது. கருப்பையின் உட்சுவர் தடித்துச் சீழ் கட்டுதல், முலைச் சுரப்பிக் கட்டிகள், நீரிழிவு ஆகியன இம்மருந்தோடு தொடர்புடையவை. இளம் பூனைகளில் முலைகள் திடீரென வீங்கிப் பெருப்பதும் உண்டு. பருவத்தில் நிற்கும்போது போட்டால் சீழ் கட்டும் ஆபத்து கூடும். சினையாக இருக்கையில் தெரியாமல் போட்டால் பிரசவம் தடைப்பட்டுக் குட்டிகள் வயிற்றுக்குள்ளேயே இறக்கலாம். முதற் பருவத்தைக் காணாத குட்டிக்கு இதைப் போடுவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. சீழ் கட்டிய நாயைக் காப்பாற்றுவதற்குப் பெரும்பாலும் கருப்பையை அகற்றத்தான் வேண்டியிருக்கும் என்பதால், தவிர்க்க நினைத்த அதே சத்திரசிகிச்சை, நோயாளியாகிவிட்ட உடலில், அதிக ஆபத்தோடு நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் இந்த ஊசியையே நம்பியிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

டெஸ்லொரெலின் என்னும் ஓமோன் மருந்துப் பதியம் இதைவிடப் பண்பட்ட முறை. அரிசி மணியளவான குச்சியொன்றைத் தோளிடையில் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை. கடுவன் நாயில் 4.7 மில்லிகிராம் பதியம் ஏறத்தாழ 6 மாதமும், 9.4 மில்லிகிராம் பதியம் ஏறத்தாழ ஓராண்டும் வேலை செய்யும். அதன்பின் கருவளம் மீளும். ஆயினும் முதலில் ஓமோன் சுரப்பு கூடிப் பிறகே குறைவதால், கடுவன் மலடாவதற்குக் குறைந்தது 6 வாரம் செல்லும். வளர்ந்த பெட்டைக்கு வைத்தால் அதுவே பருவத்தைத் தூண்டிவிடவுங்கூடும். இனவிருத்திக்கு வைத்திருக்கும் நாய்க்கு இது அருமையான வழி. விலையும், காலம் தவறாமல் திரும்ப வைக்கவேண்டிய கட்டாயமும் வன்னிக் குடியானவருக்கு ஒத்துவராதவை.

கடுவனின் விதைக்குள் நேரடியாக மருந்து செலுத்துவது மூன்றாவது வழி. சின்க் குளுக்கொனேற்று என்னும் துத்தநாக உப்புக்கு அமெரிக்காவில் 2003 இல் 3 முதல் 10 மாதக் கடுவன் நாய்க்குட்டிகளுக்கென அனுமதி கிடைத்தது. ஒரே தடவையோடு நிரந்தரப் பலன். விதையின் அகலத்தை அளந்து அதற்கேற்ற அளவை மெல்லிய ஊசியால் மெதுவாகச் செலுத்தவேண்டும். மருந்து வெளியே கசிந்தால் தோல் புண்ணாகும். கல்சியம் குளோரைட்டை மதுசாரத்தில் கரைத்துச் செலுத்தும் மலிவான முறையை இந்தியாவிலும் இத்தாலியிலும் ஆய்வு செய்திருக்கிறார்கள். கைதேர்ந்த வைத்தியர் அல்லாத எவரும் இதை முயலக்கூடாது. சின்க் ஏற்றியபின் ஆண் ஓமோன் முழுவதும் வற்றுவதில்லை என்பதால், கடுவன் ஊர் சுற்றுவதும் சண்டை பிடிப்பதும் ஓரளவு தொடரும். விதை எடுத்தால் நாய் காவல் காக்காது என்ற பேச்சை நம்பியே இம்முறையை நாடவேண்டிய தேவை இல்லை. அந்நியரைக் கண்டு குரைப்பது அந்த ஓமோனை மட்டும் நம்பியதன்று.

பூனைகளுக்கான மரபணு ஊசி பற்றி 2023 இல் வெளியான ஆய்வு மகிழ்ச்சி தருகிறது: ஊசி பெற்ற 6 பெட்டைகளில் ஒன்றுகூடச் சினையாகவில்லை. ஆனால் அது இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே பெட்டைக்குச் சத்திரசிகிச்சைக்கு நிகராக எதையும் நான் முன்வைக்கமாட்டேன். கடுவன்களை மட்டும் மலடாக்கினால், தப்பிய ஒரு கடுவனே ஊரிலுள்ள பல பெட்டைகளைச் சினையாக்கிவிடும். சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரை, ஓமோன் ஊசியைவிட, பருவத்துக்கு வந்த பெட்டை நாயை ஏறத்தாழ 3 வாரம் அடைத்து வைப்பது நல்லது. உதிரம் குறைந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று பலர் அவிழ்த்துவிடுகிறார்கள். உண்மையில் அந்நாட்களில்தான் பெட்டை கடுவனை ஏற்றுச் சினைப்படுகிறது.