முதுமாணி ‘மட்டம்’ என்றுதான் சொன்னார்கள்

போன வாரம் தலவாக்கலையில் இருக்கும் சித்தி மகள் வட்ஸ்அப்பில் ஒரு படிப்பு விளம்பரத்தை அனுப்பி, “அக்கா, இதில சேரலாமா?” என்று கேட்டாள். நீலப் பின்னணி, பட்டமளிப்புத் தொப்பி, லண்டன் மணிக்கூண்டு. கீழே ஓரத்தில் ‘எமது மாணவர்களின் படைப்பு’ என்று போட்டு ஒரு தேயிலைக் கொழுந்துக் கூடையின் படம். கூடையில் ஓர் இடுப்புப் பட்டி, பட்டியின் கொக்கியில் ஒரு சிவப்பு பட்டன்.

அது என் கூடை. நோர்வூட்டில் ஒரு கராஜில் கழற்றிப் போட்டிருந்த பழைய வேனின் சீட் பெல்ட்டை 300 ரூபாய்க்கு வாங்கி, தையல் கடை அண்ணாவிடம் கெஞ்சித் தைத்துக்கொண்டது. விளம்பரம் போட்ட, நானும் காசு கட்டிப் படித்த அந்த நிறுவனம் இதற்கு ஒரு ஊசிகூடத் தரவில்லை. இவ்வளவு நாள் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். படத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வெளிவாரியில் பட்டம் முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு பிரின்டிங் கடையில் வேலை செய்தவள். பூப்புனித நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் கைகூப்பிய முகங்கள், எல்லாம் என் கம்ப்யூட்டரில் இருந்துதான் போகும். ஆனால் மனசு வேறு எதிலோ இருந்தது. அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தவர். கூடையின் பாரம் முழுவதும் தலையில் மாட்டிய கயிற்றில்தான் தொங்கும். கயிறு உறுத்தாமல் இருக்க மடித்த சாக்குத் துண்டு. மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் வைத்தால் தண்ணீருக்கென்று, கூடைக்கென்று கழித்துவிட்டுத்தான் கிலோ போடுவார்கள். இப்போது அம்மாவால் இடது பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது. உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். பாரத்தில் பாதியை இடுப்புக்கு இறக்கினால் என்ன என்பதுதான் என் யோசனை. அதை முறையாகப் படிப்பதற்குப் பெயர் ப்ரொடக்ட் டிசைன், அதாவது பொருள் வடிவமைப்பு, என்று தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

2023 பெப்ரவரியில் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘ப்ரொடக்ட் டிசைன் – முதுமாணி மட்டம் – ஐக்கிய இராச்சியத் தகைமை – கண்டியில்’. போன் எடுத்தவர் தேன் ஒழுகப் பேசினார்.

“தங்கச்சி, இது லெவல் 7. யூகேயில லெவல் 7ன்னா மாஸ்டர்ஸ் லெவல்தான். நம்பலன்னா கூகுள்ல போட்டுப் பாருங்க. பதினாலு மாசம், சனி ஞாயிறு மட்டும். வேலையையும் விட வேணாம்.”

கூகுளில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. நான் விழுந்த இடமும் அதுதான். அந்த ஆள் என்னிடம் சொன்னவற்றில் முழுப் பொய் மிகக் குறைவு. அரசாங்கத்தில் பதிவு செய்த நிறுவனம் என்றார். பதிவு இருந்தது, தொழிற்பயிற்சி நடத்துவதற்கான பதிவு. இங்கிலாந்தில் அங்கீகாரம் பெற்ற தகைமை என்றார். அதுவும் சரி, எந்தத் தகைமை என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று. சேரும்போது போர்ட்ஃபோலியோ, அதாவது இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்கவே இல்லை. பாவம், தோட்டத்துப் பிள்ளை என்று விட்டுக்கொடுக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன்.

அம்மா 2022இல்தான் பேர் முடித்து, அதாவது தோட்ட வேலையை விட்டு, இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுத்திருந்தார். பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். “மாஸ்டர்னா, நம்ம ஸ்கூல் மாஸ்டர் மாதிரியா?” என்று கேட்டார். அதைவிடப் பெரியது என்றேன். பதிவுக் கட்டணம் 35,000. பிறகு 2 இலட்சமாக இரண்டு தவணை. இரண்டாவதற்கு என் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மொத்தம் 4,35,000 ரூபாய். 2021இல் போராடி வாங்கிய நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள்: 435 பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அதுவும் முழுப் பேர்.

சனிக்கிழமை விடிய முன்னர் பஸ் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று குலுங்கிக் குலுங்கிக் கண்டி போய்ச் சேர வகுப்பு தொடங்கும் நேரமாகிவிடும். சப்பாத்துக் கடை ஒன்றின் மேல்மாடி. ஒரு ஹோல், ஒரு புரொஜெக்டர், பிளாஸ்டிக் கதிரைகள். பத்தொன்பது பேரில் டிசைன் படிக்க வந்தவர்கள் நாலே பேர். மற்றவர்கள் முகாமைத்துவம், மனிதவளம். எங்களுக்கென்று இருந்த இரண்டு டிசைன் பாடங்களைத் தவிர எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே ஸ்லைட். கையேட்டில் படம் போட்டிருந்த வேர்க்‌ஷொப் எங்கே என்று கேட்டோம். “3டி பிரின்டர் கஸ்டம்ஸ்ல நிக்குது, அடுத்த மாசம்.” நான் அங்கே இருந்த எட்டு மாதமும் அது கஸ்டம்ஸிலேயே நின்றது.

நான்காவது வாரம் கூடையைக் கொண்டு போனேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட்டுக் காசு கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டு. விரிவுரையாளர் ஸ்லைடை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “மிஸ், அத வெளியில வைங்க. மண் கொட்டுது.” அன்றைய பயிற்சி, வாசனைத் திரவியப் போத்தல் ஒன்றை போட்டோஷொப்பில் அழகாக்குவது. இடைவேளையில் ஒருங்கிணைப்பாளர் வந்து, கூடையை எடுத்துச் சுவரோடு வைத்து, வெளிச்சம் பார்த்து நாலைந்து படம் எடுத்தார். ஆஹா, ஒருத்தராவது மதிக்கிறாரே என்று பூரித்துப் போனேன். அந்தப் படம்தான் இப்போது விளம்பரத்தில்.

என் பள்ளித் தோழி ஒருத்தி மொறட்டுவையில் டிசைன் படித்தவள். அங்கே கட்டடக்கலை பீடத்தின் கீழ் அது நாலு வருஷ இளமாணிப் படிப்பு, உள்ளே போகவே தனியாக ஒரு உளச்சார்புப் பரீட்சை. நவம்பரில் அவளோடு பேசும்போது மூன்றே கேள்விதான் கேட்டாள். “போர்ட்ஃபோலியோ கேட்டாங்களா? கிரிட்டிக் எப்பிடி நடக்குது? எத்தனை மொடல் செஞ்சு உடைச்ச?” மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. கிரிட்டிக் என்றால் என்னவென்றே தெரியாது.

அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ப்ரொடக்ட் டிசைன் முதுமாணி என்றால் பாதிப் படிப்பு ஸ்டூடியோவில். பொருளைப் பாவிக்கிறவர்களோடு போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், வரைய வேண்டும், அட்டையிலோ ஃபோமிலோ மொடல் செய்ய வேண்டும், அதை அவர்கள் கையிலேயே கொடுத்து எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும், பிறகு எல்லார் முன்னாலும் வைத்துக் கிழி வாங்க வேண்டும். அந்தக் கிழிதான் கிரிட்டிக். இந்தியாவில் எம்.டெஸ்., அதாவது டிசைன் முதுமாணி, சேருவதற்கு வைக்கும் ‘சீட்’ (CEED) பரீட்சையைப் பாருங்கள், இரண்டாம் பகுதியே கையால் வரைந்து காட்டுவது. அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாவதற்கு முன்னால், 1958இல் இந்திய அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி, தண்ணீர்ச் செம்பைத்தான் தூக்கிவைத்துப் பேசினார்களாம்: எத்தனையோ தலைமுறைக் கைகள் சேர்ந்து வடித்த வடிவம் என்று. எங்கள் வகுப்பில் கூடைக்கு இடம் வாசலுக்கு வெளியே.

அன்றிரவு, சேர்ந்தபோது வந்த ஆங்கில ஈமெயிலைத் திரும்ப எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். என்னைப் பதிவு செய்திருந்தது முகாமைத்துவ டிப்ளோமாவுக்கு. டிசைன் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த இரண்டு டிசைன் பாடங்கள் நிறுவனம் தானாக ஒட்டிக்கொண்டவை. இங்கிலாந்துக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உண்மையான முதுமாணி வேண்டுமென்றால் டிப்ளோமா முடிந்தபின் ஒரு பல்கலைக்கழகத்தில் ‘டொப்-அப்’ செய்ய வேண்டும், அதற்குப் பவுணில் தனிக் கட்டணம். அதுவும் முகாமைத்துவத்தில்தான்.

இந்த லெவல் விஷயத்தை விளங்கிக்கொண்டால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். இங்கிலாந்தில் லெவல் 7 என்பது ஒரு மட்டம். அந்த மட்டத்தில் முதுமாணியும் இருக்கிறது, டிப்ளோமாவும் இருக்கிறது, சின்னச் சான்றிதழும் இருக்கிறது. படிப்பின் அளவைக் கிரெடிட்டில் கணக்கிடுவார்கள். முதுமாணிக்கு வழக்கமாக அங்கே 180 கிரெடிட். எனக்கு விற்றது 120. ஒஃப்குவல் (இங்கிலாந்தின் தகைமை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) அங்கீகாரம் என்று சின்னம் போடுவார்கள். ஒஃப்குவல் பார்ப்பது இப்படியான தகைமைகளையும் அவற்றை வழங்கும் அமைப்புகளையும். பல்கலைக்கழகப் பட்டம் அதன் கணக்கில் வராது. அதன் பதிவேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. தகைமை இலக்கத்தைப் போட்டால் முழுப் பெயரும் வந்துவிடும். நான் காசு கட்டும் முன் அந்த இலக்கத்தைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

நம் நாட்டு இலக்கம் வேறு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 7 என்பது பட்டப்பின் சான்றிதழ், 8 பட்டப்பின் டிப்ளோமா. முதுமாணி 9இலும் 10இலும்தான் வரும். ஆகவே கண்டியில் இருந்துகொண்டு ஒருவர் “லெவல் 7 மாஸ்டர்ஸ்” என்றால், எந்த நாட்டு 7 என்று கேளுங்கள். இங்கே பட்டம் வழங்க அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்கள், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் வருபவை. அது ஒரு பட்டியல், யாரும் பார்க்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். “பார்ட்னர் யுனிவர்சிட்டி” என்பது பெயர் இல்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: கட்டணம் மீளளிக்கப்படாது. அப்போதுதான் முன்பக்கத்தையும் ஒழுங்காகப் பார்த்தேன். ரசீதில் இருந்தது நிறுவனத்தின் பெயரே இல்லை, வேறொரு கம்பனி. தேன் ஒழுகியவர், “ஏன் தங்கச்சி சத்தம் போடுறீங்க, மாஸ்டர்ஸ் லெவல்னுதானே சொன்னோம், மாஸ்டர்ஸ்னு நாங்க சொல்லவே இல்லையே” என்றார். பழைய விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ‘மட்டம்’ என்று சின்ன எழுத்தில் இருந்தது.

1977 என்ற இலக்கத்துக்கு, அதுதான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, அழைத்துக் கேட்டு முறைப்பாட்டை எழுதி அனுப்பினேன். பிறகு மத்தியஸ்த சபை. சனிக்கிழமை, ஒரு பாடசாலை வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்து. முதல் தவணைக்கு அவர்கள் வரவில்லை. இரண்டாவதற்கு வந்து 1,50,000 தருவதாக ஒத்துக்கொண்டார்கள், மூன்று பகுதியாக. அம்மா, “கெடச்சத வாங்கிக்க பாப்பா, பஸ் காசுக்கே எவ்ளோ போகுது” என்றார். கையெழுத்துப் போட்டேன். ஒரு 50,000 வந்தது. மீதி இன்னும் வரவில்லை. டிசைன் படிக்க வந்த மற்ற மூன்று பேரும் முறைப்பாடே செய்யவில்லை. ஒரு தம்பி இன்னும் போய்க்கொண்டிருக்கிறான், கட்டின காசு வீணாகக் கூடாது என்று.

நிறுவனத்தின் பெயரை இன்பொக்ஸில் கேட்காதீர்கள். மீதி 1 இலட்சம் வரும்வரை சொல்ல மாட்டேன், அதோடு பெயரை அவர்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள். பெயரை வைத்துத் தேடினால் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். கூடையைப் பாருங்கள். மூங்கில் கூடை, கறுப்புப் பட்டி, சிவப்பு பட்டன், விளிம்பில் வலது பக்கம் நீல நூலால் கட்டிய ஒரு முடிச்சு. அந்த முடிச்சு அம்மா போட்டது, மடுவத்தில் மற்றக் கூடைகளோடு மாறிப் போகாமல் இருக்க. கூடை இப்போது எங்கள் லயத்து அடுப்படியில் தொங்குகிறது, வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.