காரைக்குடிக்குக் கைக்குழந்தையோடு போய் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஆயாவுக்குக் கொள்ளுப்பேத்தியைக் காட்டிவிட வேண்டும் என்பதற்காக, கத்திரி வெயில் என்றும் பாராமல், ஒன்றே முக்கால் வயது மகளைத் தூக்கிக்கொண்டு சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் காரைக்குடிக்குப் போனோம். தங்கியது அத்தை வீட்டில். ஆயா இருப்பது பள்ளத்தூரில், அம்மான் வீடு தேவகோட்டையில். வெயிலில் குழந்தையோடு பேருந்து மாறி அலைய வேண்டாமே என்று, சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கும் ஒரு டிராவல்ஸில் காரை முன்பதிவு செய்திருந்தோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், ஏசி, குழந்தை இருக்கை எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் என்று தொலைபேசியில் பேசி, முன்பணமாக 1,000 ரூபாயும் அனுப்பியாயிற்று. பேசியதை ஒரு வரி எழுத்தில் வாங்காமல் விட்டது என் தவறு.

சனிக்கிழமை காலை வந்து நின்ற வண்டியில் குழந்தை இருக்கை இல்லை. சரி, பின்சீட்டு பெல்ட்டையாவது போட்டுக்கொண்டு மகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தேடினால், புதிதாகத் தைத்துப் போட்ட சீட் கவருக்கு அடியில் பெல்ட் மாட்டும் கொக்கிகள் புதைந்து கிடந்தன. கவரின் ஓரத்தைத் தூக்கி விரலை விட்டுத் துழாவியபோது கைக்கு வந்தது பிஸ்கட் தூளும் ஒரு பழைய ரயில் டிக்கெட்டும்தான். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னபோது, "இங்கே யாரும் கேட்க மாட்டாங்க மேடம்" என்றார் ஓட்டுநர்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் ஏசியிலிருந்து அனல்தான் வந்தது. கண்ணாடியை இறக்கினால் புழுதியும் வெப்பக்காற்றும், ஏற்றினால் புழுக்கம். பள்ளத்தூர் போய்ச் சேர்வதற்குள் மகள் அழுது அழுது சோர்ந்துவிட்டாள். ஆயாவின் கட்டிலருகே அவளை இறக்கியபோது கழுத்து மடிப்பு முழுவதும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. தான் எழுந்து உட்காரவே முடியாத ஆயா, படுத்தபடியே விசிறியைக் கேட்டு வாங்கிப் பிள்ளைக்கு வீசியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. வேறு வண்டி அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, இல்லை என்ற பதில்தான் வந்தது.

அந்த வாசலில்தான் நம்பர் பிளேட்டையும் கவனித்தேன். வாடகை வண்டிக்கு உரிய மஞ்சள் பலகை இல்லை, வெள்ளைப் பலகை. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை இப்படி வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். வழியில் விபத்து ஏதும் நேர்ந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமிருக்கிறது. அப்போதே இறங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேறு வண்டி எங்கே கிடைக்கும் என்ற தயக்கத்தில் அதிலேயே தேவகோட்டைக்கும், திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டிக்கும் போய் வந்தோம்.

ஞாயிறு இரவு, சென்னை ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போதுதான் கணக்கு மாறியது. தேவகோட்டை வெளியூராம், ஆகவே இரண்டு நாளும் வெளியூர்க் கணக்காம். நாளுக்கு மினிமம் 250 கிலோமீட்டர் வீதம் 500 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் 14 ரூபாய் என்று 7,000, ஓட்டுநர் பேட்டா 1,000, ஆக 8,000 ரூபாய் என்றார்கள். பேசியதோ இரண்டு நாளைக்கும் சேர்த்து 4,800. சனிக்கிழமை காலையில் என் கணவர் மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தார்: 68,412. இறங்கும்போது 68,543. ஓடியது மொத்தமே 131 கிலோமீட்டர். படத்தைக் காட்டியும் பயனில்லை. மகளின் பால்புட்டியும் துணிப்பையும் டிக்கியில் இருந்தன, டிக்கியைத் திறக்க மறுத்தார்கள், ரயில் வரும் நேரமும் நெருங்கிவிட்டது. முன்பணம் போக மீதி 7,000 ரூபாயை அங்கேயே ஒரு தனிநபரின் எண்ணுக்கு அனுப்பிய பிறகுதான் டிக்கி திறந்தது. பில் கேட்டதற்கு, அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இந்தப் பக்கம் போகிறவர்கள், உள்ளூர்க் கணக்கா வெளியூர்க் கணக்கா, எந்தெந்த ஊர் அதில் அடங்கும், கிலோமீட்டர்க் கணக்கு வண்டி புறப்படும் ஷெட்டிலிருந்தா நாம் ஏறும் இடத்திலிருந்தா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள், பின்சீட்டு பெல்ட்டை இழுத்துப் பாருங்கள், ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு குழந்தையை ஏற்றுங்கள். பாலும் மாற்றுத்துணியும் இருக்கும் பை டிக்கிக்குப் போகவே கூடாது, மடியிலேயே இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்தேன். அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் வழக்குப் போடச் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை; 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. நேற்று டிராவல்ஸிலிருந்து அழைத்து, புகாரைத் திரும்பப் பெற்றால் 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். கூடுதலாக வாங்கிய 3,200 ரூபாயும், ஓடிய 131 கிலோமீட்டருக்கு முறையான பில்லும் வந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.