முதல் டெலஸ்கோப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திர வட்டு

பள்ளியில் வானியல் மன்றம் நடத்துகிறேன். "எந்த டெலஸ்கோப் வாங்கலாம் சார்?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். என் பதிலும் மாறாது: டெலஸ்கோப் இருக்கட்டும், முதலில் ஒரு நட்சத்திர வட்டு வாங்குங்கள். கடைகளில் பிளானிஸ்பியர் என்று கேட்டால்தான் கிடைக்கும். கேட்டவரின் உற்சாகம் அந்த இடத்தில் பாதி குறைந்துவிடும். போனில் இலவசமாக ஆப் இருக்கும்போது இந்தப் பிளாஸ்டிக் தட்டு எதற்கு என்பது அடுத்த கேள்வி. மன்றத்துக்கென்று வாங்கிய வட்டு மாணவர் கைகளில் நன்றாகவே அடிபட்டிருக்கிறது. அதை வைத்து இனி கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லலாம்.

பொருள் எளிமையானது. இரண்டு வட்டுகள், நடுவில் ஒரு ரிவெட். அடிவட்டில் வானத்தின் படம், ஓரத்தில் ஆண்டின் எல்லாத் தேதிகளும். மேல்வட்டில் முட்டை வடிவ ஜன்னல், ஓரத்தில் மணி. இன்றைய தேதியை இப்போதைய மணிக்கு நேராகத் திருப்பினால், ஜன்னலுக்குள் தெரிவது இந்த நேரத்து வானம். ஜன்னலின் விளிம்புதான் அடிவானம். ரிவெட் இருக்குமிடம் வட வான துருவம், அதாவது வானம் முழுவதும் சுற்றுவது போல் தெரியும் மையப் புள்ளி. துருவ நட்சத்திரம் அதிலிருந்து ஒரு டிகிரிகூடத் தள்ளி இல்லாததால், பாவம், ரிவெட்டுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. "துருவ நட்சத்திரத்தைக் காணோம்" என்று புதிதாகச் சேர்ந்தவர் யாராவது சொல்வது வழக்கம்.

முதல் பத்து நிமிடம் குழப்பம்தான், அதை மறைப்பதற்கில்லை. படத்தில் கிழக்கு இடது பக்கம் இருக்கும். நிலப்படம் பார்த்துப் பழகிய எல்லோரும் அச்சுப் பிழை என்றே நினைப்பார்கள். வட்டைத் தலைக்கு மேல் தூக்கி, அச்சு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து அண்ணாந்து பார்த்தால் திசைகள் தாமாகச் சரியாகிவிடும். நிலப்படத்தை மேலிருந்து பார்க்கிறோம், வானத்தைக் கீழிருந்து பார்க்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

இனி நான் இந்த வட்டை விரும்புவதற்கான காரணம். ஜனவரி 15-ஐ இரவு 9 மணிக்கு நேராக வையுங்கள். இப்போது வட்டைத் தொடாமல் பிப்ரவரி 15-க்கு நேராக என்ன மணி இருக்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய 7. மார்ச் 15-க்கு 5. அதாவது அதே வானம் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடுகிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 4 நிமிடம். பூமி நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒரு சுற்று முடிக்கிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறத்தாழ ஒரு டிகிரி நகர்ந்திருப்பதால், சூரியன் பழைய இடத்துக்கு வர இன்னும் 4 நிமிடம் சுழல வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி. மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்ததும் மறப்பார்கள். வட்டில் விரலால் திருப்பிக் கண்டுபிடித்தவர் மறப்பதை நான் பார்த்ததில்லை. ஆப் இந்தக் கேள்வியையே எழுப்பாது. போனை உயர்த்தினால் பெயர் வரும், வேலை முடிந்தது.

இன்னும் நல்ல வித்தை ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் வந்த குறிப்புத்தாளில் அது இல்லை. வட்டில் புள்ளிக்கோடாகச் சூரியனின் ஆண்டுப் பாதை வரையப்பட்டிருக்கும். ரிவெட்டிலிருந்து ஒரு தேதிக்கு ஸ்கேல் வையுங்கள். அந்த நேர்கோடு புள்ளிக்கோட்டை வெட்டும் இடத்தில்தான் அன்று சூரியன் இருக்கிறது. அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அது ஜன்னலின் கிழக்கு விளிம்பைத் தொடும்வரை திருப்பினால், தேதிக்கு நேரே சூரிய உதய நேரம். மேற்கு விளிம்புக்குக் கொண்டுபோனால் அஸ்தமனம். காலண்டரோடு ஒப்பிட்டால் சில நிமிடங்கள் பிசகும். அந்தப் பிசகும் பாடம்தான். நம் கடிகாரம் காட்டுவது ஒரு குறிப்பிட்ட தீர்க்கரேகையின் நேரம், அதிலிருந்து ஒவ்வொரு டிகிரி தள்ளியிருப்பதற்கும் 4 நிமிட வித்தியாசம். அதோடு பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்வாகவும் இருப்பதால், சூரியன் கடிகாரத்தை விட்டு நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம்வரை விலகும்.

ஜூன் 21-க்கு ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொன்னால் மிதுனத்தின் ஓரத்தில் சூரியன் வரும். பக்கத்திலேயே ஓரியன் விண்மீன் குழு, அதனால் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும். ஜூனில் ஏன் ஓரியனைக் காணவில்லை என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

குறைகளுக்கு வருவோம். பெரிய குறை, தெற்கு வானம். வடதுருவத்தை நடுவில் வைத்து உருண்டை வானத்தைத் தட்டையாக்கினால் தெற்கே போகப் போக படம் பக்கவாட்டில் இழுபடும். தெற்குச் சிலுவை, அங்கீகரிக்கப்பட்ட 88 விண்மீன் குழுக்களிலேயே சிறியது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சாதாரண வட்டில் அது கிழக்கு மேற்காக ஐந்து மடங்கு நீண்டுவிடுகிறது. பிசைந்த மாவை இழுத்துவிட்டது போல் இருக்கும் அந்த வடிவத்தை வானத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? விருச்சிகத்தின் வாலும் ஓரளவு இப்படித்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இது நிஜமான தொல்லை, ஏனென்றால் அவர்கள் வானத்தில் பாதி இந்த இழுபட்ட பகுதிதான். முன்பக்கம் வடக்கு வானம், பின்பக்கம் தெற்கு வானம் என்று இருபுறமும் அச்சிட்ட வட்டுகள் உண்டு. எங்களுடையது ஒருபுற வட்டு. அடுத்தது நிச்சயம் இருபுறமாகத்தான்.

இதோடு ஒட்டியது அட்சரேகை. ஒவ்வொரு வட்டும் குறிப்பிட்ட அட்சரேகைக்கே செய்யப்படுகிறது. உங்கள் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவம் இருக்கும், ஜன்னலின் வடிவமும் அதை வைத்தே. 45 டிகிரி வடக்குக்கான வட்டில் அகத்திய நட்சத்திரமே இருக்காது, அந்த ஊர்களில் அது உதிப்பதே இல்லை. 15 டிகிரியில் இருப்பவர் அந்த வட்டை வாங்கினால், வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரத்துக்கே வட்டில் இடம் கிடையாது. பெட்டி மேல் அட்சரேகையைப் பெரிய எழுத்தில் போடாத தயாரிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கோள்கள் வட்டில் இல்லை. நகர்பவற்றை அச்சிட முடியாது, அதனால் இதைக் குறை என்று சொல்லமாட்டேன். சூரியனின் பாதையை ஒட்டி, வட்டில் இல்லாத பிரகாசமான புள்ளி ஒன்று வானத்தில் தெரிந்தால் அது கோள் என்று மாணவர்களே சொல்லப் பழகிவிட்டார்கள். வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு எடுப்பதால், ராசிக்கு ஓர் ஆண்டு என்று பொறுமையாக நகரும். சனிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. பின்புறத்தில் சில ஆண்டுகளுக்கான கோள் அட்டவணை இருந்தால் அது காலாவதியாகும், வட்டு ஆகாது. பூமியின் அச்சு தள்ளாடுவதால் நட்சத்திரங்களின் இடம் மாறுவது உண்மைதான், ஆனால் ஒரு டிகிரி மாற 72 ஆண்டு ஆகும்.

அச்சின் தரம் பரவாயில்லை. நட்சத்திரங்களுக்குப் பிரகாசத்துக்கேற்ப நான்கு அளவுகளில் புள்ளிகள். பிரகாச எண்ணில் 5 வித்தியாசம் என்றால் ஒளி 100 மடங்கு, 1856-ல் வானியலாளர் நார்மன் போக்சன் வகுத்த கணக்கு அது. புள்ளியை நூறு மடங்காக்க முடியாது, அதனால் வட்டில் எல்லாம் கொஞ்சம் சமமாகத் தெரியும். நகர வெளிச்சத்தில் சிறிய புள்ளிகளைத் தேடிச் சோர்ந்துபோக வேண்டாம், முதலில் பெரிய புள்ளிகள் போதும்.

இருட்டில் ஒளிரும் மை என்று விளம்பரம் செய்கிறார்களே, அது வெறும் கவர்ச்சி. அதை ஒளிர வைக்க டார்ச் அடிக்க வேண்டும். டார்ச் அடித்தால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் போய்விடும். டார்ச் கண்ணாடி மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு படிப்பதே மேல்.

வாங்குவதானால், உங்கள் அட்சரேகை, இருபுற அச்சு, மேல்வட்டில் 24 மணியும் குறித்திருப்பது, இந்த மூன்றையும் பாருங்கள். மாலை முதல் விடியல்வரை மட்டும் மணி போட்ட வட்டில் சூரியனை வைத்துச் செய்யும் விளையாட்டு பல நாட்களுக்குப் பலிக்காது. விட்டம் ஒரு சாணுக்குக் குறைந்தால் தேதிகளைப் படிக்க முடியாது. அட்டையில் செய்தது வேண்டாம், பனி விழும் இரவில் ஊறி உப்பிவிடும். எங்கள் மன்றத்தின் பழைய அட்டை வட்டு அப்படித்தான் போனது. பிளாஸ்டிக்கிலும் ரிவெட் தளர்வாக இருந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள், தலைக்கு மேல் தூக்கியதும் தானாகச் சுழன்று மணி மாறிவிடும்.